நெடுங்கணக்கும் யுனிக்ஸ் கணினியின் வரிசையும்

1. பிரச்சினையின் இயல்பு

கொழும்பு நகரத்து இடப்பெயர்களை வரிக்கு ஒன்றாகத் தமிழில் தட்டெழுதி, அக்கோப்பை யுனிக்ஸ் வழிவந்த கணினி ஒன்றில் 'சோர்ட்' என்னும் கட்டளையிடம் ஒப்புவிப்போமாயின், ஒரு கணினியில் கொள்ளுப்பிட்டி முன்னும் கொழும்பு பின்னுமாகவும், மற்றொரு கணினியில் கொழும்பு முன்னும் கொள்ளுப்பிட்டி பின்னுமாகவும் பட்டியல் வெளிவரக் காணலாம். கோப்பும் ஒன்றே, கட்டளையும் ஒன்றே. ஆயினும் பயன் வேறாகின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம், 'லொக்கேல்' என வழங்கும் ஏற்பாடு. அதாவது, கணினியைப் பயன்படுத்துவோன் எம்மொழியினன், எத்தேசத்தவன், அவனுடைய திகதியும் நாணயமும் எழுத்து வரிசையும் எவ்விதம் அமைவன என்பதை இயங்குதளத்துக்கு அறிவிக்கும் ஒரு தொகுதி விதிகள்.

இவ்விஷயத்தைத் தொழில் வல்லாருக்கு மாத்திரம் உரிய நுணுக்கமெனக் கருதுவது பொருத்தமன்று. வெள்ளவத்தையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கத்தைப் போல 1942இல் தோன்றி நூல் பேணி வரும் ஒரு ஸ்தாபனமாயினும், கொட்டாஞ்சேனையிலே ஆலயப் பரிபாலன சபையின் அங்கத்தவர் இடாப்பாயினும், ஒரு பெயர் பட்டியலில் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாதாயின், தேடுவோனுக்கு அது இல்லாத பெயரே ஆகும். தமிழின் அகரவரிசை எங்கே உறைதல் வேண்டும், எழுத்துக்களுக்கு இடப்பட்ட எண்களிலா, அவ்வெண்களுக்கு அப்பாலுள்ள லொக்கேல் விதிகளிலா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

2. மரபு வகுத்த வரிசை

தமிழ் எழுத்துக்கள் முப்பது எனவும், அவை அகரத்திற் தொடங்கி னகரத்தில் முடிவன எனவும் தொல்காப்பிய எழுத்ததிகாரம் தன் முதற் சூத்திரத்திலேயே வரையறுக்கின்றது. வல்லெழுத்தும் அதற்கு இனமான மெல்லெழுத்தும் இணை இணையாக வந்து, இடையெழுத்து ஆறும் அவற்றைத் தொடர, றகர னகரமாகிய இணை இறுதியில் நிற்பது இவ்வரிசையின் கிரமம். வடமொழி எழுத்துக்களாகிய ஜ, ஷ, ஸ, ஹ முதலியவற்றை னகரத்துக்குப் பின்னே வைப்பது பிற்கால வழக்கு.

எனினும், எழுத்துக்களை இவ்வாறு எண்ணுதல் வேறு, சொற்களை இவ்வரிசையில் அடுக்குதல் வேறு. நிகண்டுகள் நெடுங்காலம் பொருள் பற்றியே சொற்களைத் தொகுத்தன. 1594இல் சிதம்பர ரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொல்லின் முதலெழுத்தை நோக்கி வரிசைப்படுத்தியது. 1732இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதி அம்முறையைச் சொல்லின் உட்புறத்துக்கும் விரித்தது. ஈழத்தில் 1842இல் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதியும், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும் அவ்வழியில் வந்தவை.

சொல்லடைவில் ஒரு விதி விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. இலக்கணத்தின்படி மெய்யே அடிப்படை. உயிர் அதன்மேல் ஏறி உயிர்மெய் ஆகின்றது. ஆகவே ககர வரிசையில் 'க்' முதலிலும், 'க' அதன் பின்னும், 'கா' அதற்கும் பின்னும் வரும். 'அக்கா' என்பது 'அகம்' என்பதற்கு முந்துவதும், 'வெள்ளவத்தை' என்பது 'வெளிச்சம்' என்பதற்கு முந்துவதும் இதனால் ஆவன. கணினி வரிசையின் செவ்வையைச் சோதிக்க இவ்விதியினும் சிறந்த உரைகல் இல்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. எண்களின் வரிசை உருவான வகை

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு அவ்வெண்களை வகுக்கும் யுனிகோட் தரத்தின், 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அப்பகுதியின் அமைப்போ, இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டு 'இஸ்கி' குறியீட்டைத் தழுவியது. அப்பொதுச் சட்டகம் தேவநாகரியை ஆதாரமாகக் கொண்டது. தேவநாகரியில் ஓர் எழுத்து எத்தனையாவது இடத்தில் நிற்கின்றதோ, அத்தனையாவது இடத்திலேயே அதற்கு நேரான தமிழெழுத்தும் நிறுத்தப்பட்டது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று வெற்றிடங்கள் இன்றளவும் இருப்பது இதனாலேயே. வர்க்க எழுத்துக்கள் மூன்றும் வடமொழியில் உள்ளன, தமிழில் இல்லை.

தமிழுக்கே உரிய எழுத்துக்களைப் பற்றிய வரையில் இவ்வேற்பாடு மேலும் துணிந்து சென்றது. தமிழ்ச் சொற்களை நாகரியில் எழுதுதற் பொருட்டு நகரத்தின் கீழ்ப் புள்ளியிட்டு னகரமும், ரகரத்தின் கீழ்ப் புள்ளியிட்டு றகரமும், ளகரத்தின் கீழ்ப் புள்ளியிட்டு ழகரமும் குறிக்கும் வழக்கமொன்று உண்டு. அப்புள்ளி எழுத்துக்கள் தத்தம் மூல எழுத்தை அடுத்தே வைக்கப்பட்டன. அதனைப் பின்பற்றித் தமிழ்ப் பகுதியிலும் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ள-வை அடுத்து ழ என்று அமைந்தது. ஜகரமும் சகரத்துக்கு அணித்தாய், ஞகரத்துக்கு முன்னே வந்தது. வெறும் எண்ணை மாத்திரம் நோக்கும் கணினியில் மன்னார் மருதானைக்கு முந்துவதும், கொள்ளுப்பிட்டி கொழும்புக்கு முந்துவதும், ஜிந்துப்பிட்டி பட்டியலின் ஈற்றை விட்டு மட்டக்களப்புக்கு முன்னே வந்து நிற்பதும் இதன் விளைவுகள்.

இதனினும் ஆழமானது புள்ளியின் விஷயம். யுனிகோட்டில் 'க' என்பதே முழு எழுத்து; புள்ளி அதன்பின் தனி எண்ணாக வந்து அகரத்தை நீக்குகின்றது. அப்புள்ளிக்கு இட்ட எண்ணோ, எல்லா மெய்களுக்கும் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிற்பட்டது. எனவே மெய் முதலில் வர வேண்டும் என்ற இலக்கண விதி இங்கு முற்றாகத் தலைகீழாகின்றது. 'அகம்' முந்தி, 'அக்கா' பிந்துகின்றது. வெள்ளவத்தை வெளிச்சத்துக்குப் பின் தள்ளப்படுகின்றது.

ஒரே தோற்றமுடைய எழுத்துக்கள் வெவ்வேறு எண்களாற் சேமிக்கப்படுவதும் ஒரு தனிச் சங்கடம். 2005இல் யுனிகோட் 4.1 பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்ட பின்னர், 'ஸ்ரீ' எனத் திரையில் ஒன்றாகத் தோன்றும் எழுத்து, ஸகரத்தாலும் எழுதப்படலாம், புதிய ஶகரத்தாலும் எழுதப்படலாம் என்றாயிற்று. கோயிற் பெயரிலும் கடைப் பெயரிலும் நாட்டின் பெயரிலும் அவ்வெழுத்து நிறைந்துள்ள இந்நகரத்தில், ஒரு பெயர் இரண்டு இடங்களில் பிரிந்து நிற்பது அற்ப விஷயமன்று.

4. லொக்கேல் செய்யும் தொழில்

1989ஆம் ஆண்டின் சி மொழித் தரம், எழுத்துத் தொடர்களை ஒப்பிட இரண்டு வழிகளை ஏற்படுத்தியது. ஒன்று, எண்களை அப்படியே ஒப்பிடுவது. மற்றது, நடப்பிலுள்ள லொக்கேலின் விதியைக் கேட்டு ஒப்பிடுவது. பின்னதில், ஒவ்வோர் எழுத்துக்கும் அட்டவணையொன்றில் கனம் விதிக்கப்பட்டிருக்கும். எண்ணை விட்டு அக்கனமே ஒப்பிடப்படும். இரண்டு எண்களைச் சேர்த்து ஓரெழுத்தாகக் கொள்ளவும் அவ்வட்டவணையில் இடமுண்டு. ஆதலால், ககரமும் புள்ளியும் சேர்ந்த 'க்' என்பதைத் தனியெழுத்தாகக் கருதி, அதனைக் ககரத்துக்கு முன்னே நிறுத்துதல் கணினிக்கு அசாத்தியமான காரியமன்று. விதியை எழுதி வைப்பார் வேண்டும், அவ்வளவே.

எந்த லொக்கேல் நடப்பில் உள்ளது என்பதைச் சூழல் மாறிகள் தீர்மானிக்கின்றன. 'எல்.சி. ஆல்' என்ற மாறிக்குப் பெறுமானம் உண்டெனில் அதுவே செல்லும். இல்லையெனில் வரிசைக்கே உரிய 'எல்.சி. கொலேட்' செல்லும், அதுவும் இல்லையெனில் 'லாங்' என்பது செல்லும், எதுவும் இல்லாவிடில் 'சி' லொக்கேல் என்னும் ஆதிநிலை. ஆதிநிலையில் பைட்டுகளின், அதாவது கோப்பிற் சேமிக்கப்பட்ட எண் அலகுகளின், வரிசையே வரிசை. யுனிகோட் எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்க 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்-8 முறை, பைட்டுகளை ஒப்பிட்டாலும் யுனிகோட் எண்களின் வரிசை மாறாதபடி அமைந்தமையால், 'சி' லொக்கேலில் நாம் பெறுவது சென்ற பகுதியில் விவரித்த அந்த நாகரி வழி வரிசையே.

நடைமுறையில் நேரும் தவறுகளுட் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. இலங்கைத் தமிழுக்கென ஒரு லொக்கேல், லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இயங்கும் க்னூ சி லைப்ரரியில் உண்டு; ஆனால் அதன் பெயரை மாறியில் எழுதிவிட்ட மாத்திரத்தில் அது நடப்புக்கு வந்துவிடாது; அக்கணினியில் அது நிறுவப்பட்டும் இருத்தல் வேண்டும். நிறுவப்படாவிடின் 'சோர்ட்' யாதொரு எச்சரிக்கையுமின்றி ஆதிநிலைக்குத் திரும்பி, பைட்டு வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடும். கட்டளையோடு 'டிபக்' என்னும் தெரிவைச் சேர்த்து இயக்கினால் மாத்திரமே, எந்த லொக்கேலின் விதியைத் தான் பின்பற்றியது என்பதை அது வெளியிடும். நேரம் குறித்துத் தானே இயங்கும்படி 'குரொன்' வசம் விட்ட பணிகளுக்குப் பயனரின் சூழல் மாறிகள் பலவேளைகளில் எட்டுவதில்லை. பகலில் கையால் இயக்கியபோது ஒரு வரிசையும், இரவில் தானே இயங்கியபோது வேறொரு வரிசையும் வருவதற்கு அதுவே காரணம். அல்பைன் முதலிய சில லினக்ஸ் வகைகள் பயன்படுத்தும் 'மசில்' லைப்ரரியிலோ, லொக்கேலைக் கேட்டு ஒப்பிடும் வழியும் எண் ஒப்பீடாகவே முடிகின்றது. அங்கு எந்த மாறியை மாற்றியும் பயனில்லை.

லொக்கேல் சரியாக நடப்பில் இருப்பினும் எல்லாம் நிறைவேறியதாகக் கொள்ளுதற்கில்லை. ஐ.எஸ்.ஓ. 14651 என்னும் சர்வதேசத் தரத்தின் பொது அட்டவணையும் யுனிகோட்டின் பொது அட்டவணையும் தமிழ் மெய்களைப் பெரிதும் நெடுங்கணக்கின் கிரமத்திலேயே வைத்துள்ளன. கொழும்பு கொள்ளுப்பிட்டிக்கு முந்துகின்றது, மருதானை மன்னாருக்கு முந்துகின்றது, ஜகரம் இறுதிக்குச் செல்கின்றது. ஆயின் புள்ளி அங்கும் உயிர்க்குறிகளுக்குப் பின்னேயே உள்ளது. தமிழுக்கென மேலும் திருத்தப்பட்ட விதிகளில்தான், யுனிகோட் கூட்டமைப்பின் லொக்கேல் தரவுத் தொகுதியில் உள்ளவாறு, மெய் தன் முதலிடத்தைப் பெறுகின்றது. ஆகவே நம்முன் உள்ளவை இரண்டல்ல, மூன்று வரிசைகள்: எண் வரிசை, பொது அட்டவணை வரிசை, மரபு வரிசை. நடு நிலையிலுள்ள பொது அட்டவணை வரிசையே மிகவும் ஏமாற்ற வல்லது. பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது சரியெனவே தோன்றும்.

5. பாமினிக் கோப்புகள்: ஒரு விசேஷ உதாரணம்

யுனிகோட் பரவுவதற்கு முன்னர், ஈழத்து அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு பெருவழக்காய் இருந்தது. அக்காலத்துக் கோப்புகள் இன்னமும் பாவனையில் உள்ளன. பாமினியில் தமிழெழுத்து என்பது திரையில் தோன்றும் வடிவம் மட்டுமே. உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. அகரம் சிறிய 'எம்', ஆகாரம் பெரிய 'எம்', யகரம் 'ஏ', லகரம் 'வை', இகரமோ காற்புள்ளி, மெய்யின் புள்ளி அரைப்புள்ளி. ஒற்றைக்கொம்பு 'என்' என்ற எழுத்தாய் மெய்க்கு முன்னேயே சேமிக்கப்படுவதால், கொழும்பும் செல்லையாவும் தொண்டைமானாறும் ஒரே எழுத்திற் தொடங்கும் சொற்களாகி ஓரிடத்திற் சேர்கின்றன.

இத்தகைய கோப்பொன்றை 'சி' லொக்கேலில் அடுக்கினால், காற்புள்ளி எழுத்துக்களுக்கெல்லாம் முற்பட்டதாகையால், இலங்கை தலையில் நிற்கும். பெரிய எழுத்துக்கள் சிறியவற்றுக்கு முந்துவதால் ஆகாரச் சொற்கள் அகரச் சொற்களுக்கு முன் வரும். அதே கோப்பை அமெரிக்க ஆங்கில லொக்கேலில் அடுக்கினால் நிலை முற்றிலும் வேறு. க்னூ சி லைப்ரரியின் பழைய பதிப்புகளில் நிறுத்தக்குறிகள், கனங்களை ஒப்பிடும் முதற் சுற்றாகிய முதலொப்பீட்டில் புறக்கணிக்கப்பட்டன. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் அவ்வொப்பீட்டில் பேதமுமில்லை. ஆதலால் இலங்கை தன் முதலெழுத்தையே இழந்து, 'வை' வரிசையில் லங்காவின் பின்னே சென்று நிற்கும். 'ஆச்சி' என்பது 'அம்மா' என்பதற்கும் 'அரசன்' என்பதற்கும் நடுவே புகும். மெய்யின் புள்ளிகள் அனைத்தும் இல்லாதனவாகவே கொள்ளப்படும்.

2018 ஓகஸ்டில் வெளியான க்னூ சி லைப்ரரி 2.28 பதிப்பு, ஐ.எஸ்.ஓ. தரத்தின் 2016ஆம் ஆண்டு அட்டவணையை ஏற்று, நிறுத்தக்குறிகளுக்கும் முதலொப்பீட்டிலேயே கனம் அளித்தது. அதன்பின் அதே லொக்கேலில், அதே கட்டளையில், இலங்கை மீண்டும் தலைக்கு வந்தது. லொக்கேலின் பெயர் மாறாதிருக்க, அப்பெயருக்குள் அடங்கிய விதி மாறிற்று என்பதே இதில் அறியத்தக்க உண்மை. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் பழைய விதிப்படி அடுக்கி வைத்த சுட்டிகளை, இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட பின் புதிய விதியாற் தேட நேர்ந்தது. உள்ள பதிவு இல்லையென்று விடை வந்தது. ஒன்றே இருத்தற்குரிய பதிவு இரண்டாகச் சேர்தற்கும் இடமேற்பட்டது. உலகெங்கும் தரவுத்தளப் பரிபாலகர்கள் தம் சுட்டிகளை மீண்டும் கட்ட வேண்டியவராயினர்.

6. இரு வாதங்களின் பரிசீலனை

எண்களே மரபு வரிசையில் இருந்திருந்தால் இத்துன்பம் எதுவுமில்லை என்பது ஒரு சாராரின் அபிப்பிராயம். இவ்வெண்ணத்தின் முழு வடிவமே 'டேஸ்-16' எனப்படும் குறியீடு. அதில் உயிர்மெய் உட்பட ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு. எண் வரிசையே நெடுங்கணக்கு வரிசை. தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோட்டோடு அதனையும் அங்கீகரித்தது. எந்த லொக்கேலும் இன்றி, ஆதிநிலைக் கணினியிலும் சரியான வரிசை கிடைக்கும் என்பது அதன் பெருமை, அப்பெருமையை மறுப்பதற்கில்லை. தன் மொழியின் எழுத்து, தன் மொழியின் இலக்கணப்படியே எண்ணப்பட வேண்டும் என்ற அவ்விருப்பத்தின் நியாயத்தை நான் முழு மனத்தோடு ஏற்கின்றேன்.

ஆயினும் அம்முடிவை ஏற்க இயலவில்லை. அவ்வெண்கள் யுனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் உள்ளன. பிறர் கணினியில் அவற்றுக்குப் பொருள் யாதும் இல்லை. அன்றியும் வரிசை என்பது ஒரு சமூகத்தின் வழக்கு. ஜகரத்தைச் சகரத்தின் அருகில் வைப்பதா, இறுதியில் வைப்பதா என்பதில் சொல்லடைவு செய்வோர்க்குக் கருத்து பேதம் இருக்கலாம். ஜிந்துப்பிட்டியும் நாரஹேன்பிட்டியும் ஹெவ்லொக் டவுனும் அன்றாடம் எழுதப்படும் கொழும்பில் இது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. எண்ணிற் புதைத்த வரிசையை எவரும் மாற்ற இயலாது. விதியில் எழுதிய வரிசையைத் திருத்தலாம், ஒரே எழுத்துக்களுக்கு இரு வழக்குகளையும் வைத்துக்கொள்ளலாம். நெடுங்கணக்கு உறைதற்குரிய இடம் லொக்கேலே என்பது என் துணிபு.

மற்றொரு சாரார், லொக்கேலால் விளையும் குழப்பங்களைக் கண்டு, எக்காலத்தும் 'எல்.சி. ஆல்' மாறியில் 'சி' என்று இட்டுவிடுதலே நன்று என்பர். இரண்டு கோப்புகளை 'ஜொயின்' கொண்டு இணைக்கும்போதும், 'கொம்' கொண்டு ஒப்பிடும்போதும் அவர் கூற்று முற்றிலும் சரியானது. அக்கட்டளைகளுக்கு வேண்டுவது இரு கோப்பிலும் ஒரே வரிசை என்பதன்றி, வாசகனுக்கு உகந்த வரிசை என்பதன்று. ஆனால் அந்நியாயத்தை மனிதர் வாசிக்கும் பட்டியலுக்கும் நீட்டுவது, கணினிக்கு வசதியான ஒன்றைத் தமிழ் வாசகர் மீது சுமத்துவதாகும். இடைநிலைக் கோப்புகள் 'சி' வரிசையிலும், ஈற்றில் வெளிவரும் பட்டியல் தமிழ் லொக்கேலிலும் அமைதலே முறை.

7. மும்மொழி நகரத்தில்

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியாகவும் ஆங்கிலம் இணைப்பு மொழியாகவும் உள்ள இந்நாட்டில், ஒரு பட்டியலில் மூன்று எழுத்துக்களும் கலந்து வருதல் இயல்பு. எண் வரிசையில் ஆங்கிலம் முதலிலும், தமிழ் அடுத்தும், சிங்களம் அதன் பின்னும் நிற்கும். இம்முறைமை எவருடைய தீர்மானத்தாலும் வந்ததன்று. ஒரு கட்டளை இயங்கும்போது வரிசைக்கு ஒரு லொக்கேலே நடப்பில் இருக்க முடியுமாதலால், தமிழ் லொக்கேலில் அடுக்கிய பட்டியலின் சிங்களப் பகுதி சிங்கள மரபைப் பெறும் என்பதற்கு உறுதி இல்லை, மறுதலையும் அவ்வாறே. மும்மொழிப் பட்டியலை எழுத்து வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய லொக்கேலில் அடுக்கி, பின் சேர்ப்பதே இப்போதைக்குச் செய்யத்தக்கது.

இலங்கை கட்டளைகள் நிறுவனம் சிங்களத்துக்கு எஸ்.எல்.எஸ். 1134 என்ற தரத்தை 1996இலும், தமிழுக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரத்தை 2008இலும் வெளியிட்டது. தரம் காகிதத்தில் இருப்பதும், அத்தரம் கணினியின் லொக்கேலில் நடப்பில் இருப்பதும் வெவ்வேறு காரியங்கள். பின்னதைச் சரிபார்க்க, நூலகத்திலோ அச்சகத்திலோ உள்ள எவரும் பதினொரு சொற்களைக் கொண்டு சோதனை செய்யலாம். மரபு வரிசையில் அவை நிற்க வேண்டிய முறைமை இது: அக்கா, அகம், கொட்டாஞ்சேனை, கொழும்பு, கொள்ளுப்பிட்டி, மட்டக்களப்பு, மருதானை, மன்னார், வெள்ளவத்தை, வெளிச்சம், ஜிந்துப்பிட்டி. அவற்றை முறை கலைத்து எழுதி 'சோர்ட்' கட்டளைக்கு அளித்தால், கொள்ளுப்பிட்டி கொழும்புக்கு முந்தின் அக்கணினி வெறும் எண்ணை நோக்குகின்றது. கொழும்பு முந்தியும் வெளிச்சம் வெள்ளவத்தைக்கு முந்தின், பொது அட்டவணை மட்டும் நடப்பில் உள்ளது. இரண்டும் சரியாயின் தமிழ் விதி நடப்பில் உள்ளது. நூற்பட்டியல் ஒன்றை அச்சுக்கு அனுப்புமுன் இச்சோதனையைச் செய்து, பயன்பட்ட லொக்கேலின் பெயரையும் லைப்ரரியின் பதிப்பெண்ணையும் கோப்போடு எழுதி வைத்தால், பின்வரும் ஆண்டில் அப்பட்டியலோடு புதிய நூல்களைச் சேர்ப்பவர் எந்த விதியின்படி சேர்க்க வேண்டும் என்பதை அறிவார்.